பத்தொன்பதை இருபதாக்கச் சொன்னார்கள்

பேனாவைத் திறந்து, மூடியை அதன் பின்பக்கம் செருகி, என் கைக்கு வாகாகத் திருப்பி வைத்தார் ஏலியாம்மா சிஸ்டர். இரண்டு வருஷப் பயிற்சியில் அந்த ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான்.

மேஜைமேல் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, ஆபரேஷன் தியேட்டர் ரிஜிஸ்டர். நீலத்துணி பைண்டு, ஸ்பிரிட் சிந்திச் சிந்தி ஓரமெல்லாம் வெளுத்துப்போனது. இன்னொன்று, டைப் அடித்த ஒரு தாள். செல்வராணி என்கிற நான் தியேட்டர் டெக்னீஷியன் பயிற்சியைத் திருப்திகரமாக முடித்துவிட்டேன் என்று அந்தத் தாள் சொன்னது. அடியில் பெரிய டாக்டரின் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

"ஒரு நம்பர் தானே மோளே. பத்தொம்பதை அடிச்சிட்டு இருபதுன்னு எழுது. பக்கத்தில் ஒரு ஒப்பு போடு. சாயந்திரம் டாக்டர் சார் இதில் சைன் பண்ணித் தரும்" என்றார் சிஸ்டர். ஒப்பு என்றால் அவர்கள் பாஷையில் கையெழுத்து. சிஸ்டர் மலையாளி. எங்களோடு தமிழில் பேசும்போதும் பாதி மலையாளம்தான் வரும்.

ரிஜிஸ்டரில் இருந்த அந்தப் பத்தொன்பது என் கையால் நான் எழுதியது.

எழுபதுகளில் ஏதோ ஒரு மாம்பழக் காலம் அது. ஜன்னலுக்கு வெளியே முதலமடைப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. வைக்கோலும் மாம்பழமும் கலந்த வாசனை தியேட்டர் வரை வரும். இப்போது எனக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை இருக்கிறது, கோபமே படக்கூடாது என்று மகள் சொல்கிறாள். இந்த வாரப் பத்தியில் மட்டும் பட்டுக்கொள்கிறேன்.

கொழுந்து எடைபோடும் கொட்டகை

நான் பிறந்தது இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து ஏறி வந்த குடும்பம். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை, அம்மா கொழுந்து கிள்ளினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற ஆறு நாளும் மலை.

சாயந்திரம் கொழுந்துச் சாக்கை எடைபோடுகிற கொட்டகைக்கு அம்மாவோடு நானும் போவேன். கணக்குப்பிள்ளை தராசு முள்ளைப் பார்ப்பார். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று தன் மனதுக்குள் கழித்துக்கொண்டு ஓர் எடை சொல்லுவார். அம்மா "சரிங்கய்யா" என்பாள். அடுத்த சாக்கு போகும்.

பங்குனி மாதம் மழையே இல்லாத நாளிலும் ஈரத்துக்குக் கழிப்பார். முள் நின்ற இடம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தால் அம்மாவுக்குத் தெரியாதா.

"யம்மா, அவரு கம்மியால்லா சொல்லுதாரு" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாளைக்கும் இதே தராசு முன்னாலதான் வந்து நிக்கணும். பேசாம வாட்டி" என்றாள்.

அந்தக் கொட்டகையில் நின்ற அத்தனை பெண்களும் இப்படித்தான். பெரியவர் ஓர் எண்ணைச் சொன்னால் தலை தானாக ஆடும். சரியா தப்பா என்று மூளை பார்ப்பதற்கு முன்பே கழுத்து பார்த்துவிடும். இந்தக் கழுத்தைத்தான் நானும் எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போனேன்.

ஒரு கேரளாவிலிருந்து இன்னொரு கேரளாவுக்கு

பள்ளிப் படிப்பு முடித்துச் சும்மா இருந்த எனக்கு அந்த ஆஸ்பத்திரியில் இடம் வாங்கிக் கொடுத்தது எங்கள் பாஸ்டரின் கடிதம். அது பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருந்தது. நாங்கள் இருந்த இடத்திலிருந்து அங்கே போக, கம்பம்மெட்டில் இறங்கித் தமிழ்நாட்டுக்குள் போய், தேனி, பழனி, பொள்ளாச்சி என்று ஒரு பகல் முழுக்கச் சுற்றி, மறுபடி கேரளாவுக்குள் நுழைய வேண்டும்.

கம்பம்மெட்டு செக்போஸ்ட்டில் என் தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தவர், ஏலக்காய் வாசனை வருகிறதே என்றார். சுற்றிலும் ஏலத்தோட்டம் இருக்கிற இடத்திலிருந்து வருகிறவளிடம் வேறு என்ன வாசனை வரும். இரண்டு பாவாடை தாவணியும் ஒரு பைபிளும்தான் இருந்தன. சிரித்துவிட்டு மூடினார்.

ஆஸ்பத்திரி இருந்த ஊரில் எல்லாரும் கோயம்புத்தூர்த் தமிழ் பேசினார்கள். நோயாளிகள் தமிழ், டாக்டர்கள் மலையாளம், எழுதுவதெல்லாம் இங்கிலீஷ். மலையாளிகளுக்கு நான் தமிழச்சி. உள்ளூர்த் தமிழர்களுக்கு நான் மலையாளத்திலிருந்து வந்தவள். எஸ்டேட்காரி என்பதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் சண்டையே இல்லை.

எண்ணுவது என்றால்

தியேட்டரில் மாப் என்றால் தரை துடைக்கிற குச்சி இல்லை. வலைத்துணியை நாலைந்து மடிப்பாகத் தைத்து ஓரத்தில் நாடா வைத்த, இரண்டு கையகலத் திண்டு. வயிற்றைத் திறந்தபின் ரத்தத்தை ஒற்றவும் குடலை ஒதுக்கிப் பிடிக்கவும் அதுதான். ரத்தத்தில் ஊறிவிட்டால் துணி எது, உள்ளே இருக்கிற உறுப்பு எது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் எண்ணுகிறோம். திறப்பதற்கு முன்னால் ஒரு முறை, தைப்பதற்கு முன்னால் ஒரு முறை.

பயிற்சியில் இருப்பவளுக்கு அதுதான் முக்கிய வேலை. டாக்டர் பக்கெட்டில் போடுகிற மாப்புகளை இடுக்கியால் எடுத்து, ஸ்டாண்டில் ஐந்து ஐந்தாகத் தொங்கவிட வேண்டும். கடைசியில் உரக்கச் சொல்லி, ரிஜிஸ்டரில் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் வாரத்திலேயே தப்பு செய்தேன். "கவுண்ட் சரிதானே" என்று டாக்டர் கேட்டார். "சரிங்க சார்" என்றேன். எண்ணவே இல்லை. பெரியவர் கேட்டார், தலை ஆடியது, அவ்வளவுதான்.

ஏலியாம்மா சிஸ்டர் ஸ்டாண்டைப் பார்த்தார். ஒன்று குறைந்தது. அது அனஸ்தீசியா டாக்டரின் ஸ்டூலுக்கு அடியில் கிடந்தது. ஆபரேஷன் முடிந்ததும் சிஸ்டர் என்னைக் கழுவுமிடத்துக்குக் கூப்பிட்டு, இடுக்கியால் விரல் முட்டியில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"டாக்டர் கேட்டதுக்கு வேண்டி சரி பறையாதே. சாட்சாத் கடவுள் வந்து கேட்டாலும் எண்ணியிட்டு பற" என்றார்.

விரல் இரண்டு நாள் வீங்கியிருந்தது. எனக்குக் கோபமே வரவில்லை. சரியான அடி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அதற்கப்புறம் நான் எண்ணாமல் சொன்னது கிடையாது. அதனால்தான் பின்னால் நடந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூன்று தரம் சொன்னேன்

பொன்னாத்தாவுக்கு நாற்பது வயதிருக்கும். முதலமடையில் மாங்காய் தரம் பிரித்துக் கூடையில் அடுக்குகிற வேலை. கர்ப்பப்பையில் கட்டி. தியேட்டருக்குள் கொண்டுவந்தபோது அவள் விரல் நகங்களில் மாம்பாலின் கறுப்புக் கறை இருந்தது. அதை ஸ்பிரிட் போட்டு நான்தான் தேய்த்தேன். போகவில்லை.

"உடுங்க அம்மிணி, அது கூடவே பொறந்தது" என்றாள். மயக்கம் கொடுக்க ஈதர் முகமூடி வைப்பதற்கு முன்னால் அவள் பேசிய கடைசி வார்த்தை அது.

அன்றைக்கு எடுத்து வைத்தது இருபது மாப். நானும் சிஸ்டரும் சேர்ந்து எண்ணினோம். ஆபரேஷன் நடுவில் ரத்தம் அதிகமாக வந்தது. கரண்ட் வேறு இரண்டு முறை போய்ப்போய் வந்தது. பெரிய டாக்டருக்கு மத்தியானம் பாலக்காட்டில் ஏதோ விசேஷத்துக்குப் போக வேண்டும், காலையிலிருந்தே அவசரம்.

தைக்க நூல் கேட்டார். நான் ஸ்டாண்டைப் பார்த்தேன். மூன்று வரிசையில் ஐந்து ஐந்து. நாலாவது வரிசையில் நாலு.

"சார், பத்தொம்பதுதான் இருக்கு."

"கீழே கிடக்கும். தேடு."

தேடினேன். பக்கெட்டைக் கவிழ்த்தேன். மேஜைக்கடியில் மண்டிபோட்டுத் தவழ்ந்தேன். ஸ்டூலைத் தூக்கிப் பார்த்தேன், அழுக்குத் துணிக்கூடையை உதறினேன். தலைக்கு மேலே ஊசி பிடிக்கிற இடுக்கி டிக் டிக்கென்று பூட்டித் திறக்கிற சத்தம் கேட்டது. நான் தேடிக்கொண்டிருக்கும்போதே தைத்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து நின்று மறுபடி சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது ஏலியாம்மா சிஸ்டர். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் விரலில் அடித்த அதே சிஸ்டர். பார்த்துவிட்டு, அடுத்த நூலைக் கோத்து டாக்டரிடம் கொடுத்தார்.

மூன்றாவது தரமும் சொன்னேன்.

"கொழுந்து கிள்ளுறவளுக்கு எண்ணத் தெரியுமோ" என்றார் டாக்டர், தலை நிமிராமல். உதவிக்கு நின்ற சின்ன டாக்டரின் முகத்துணி உப்பி அடங்கியது. சிரித்திருக்கிறார்.

கொழுந்து கிள்ளுகிறவளுக்குத்தான் ஐயா எண்ணத் தெரியும். எத்தனை சாக்கு, எத்தனை கிலோ, எவ்வளவு கழித்தான் என்று பிள்ளை பெற்ற தேதிபோல மறக்காமல் வைத்திருப்பவள் அவள். வாய் திறக்காததால் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள்.

ஆனால் நானும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். மூன்று தரத்தோடு என் வாய் மூடிக்கொண்டது. நாலாவது தரம் கத்தியிருக்கலாம். வெளியே ஓடிப்போய் வேறு டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம். செய்யவில்லை. ரிஜிஸ்டரை எடுத்து, போட்டது இருபது, வந்தது பத்தொன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான். கொட்டகையில் அம்மாவிடமிருந்து வந்த பழக்கம் பாதிதான் போயிருந்தது.

மோர்

நாலாம் நாள் பொன்னாத்தாவுக்குக் காய்ச்சல். வயிறு உப்பியது. எட்டு நாள் ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு நாளும் தெர்மாமீட்டர் சீட்டைப் பார்த்துவிட்டுப் போவேன். என்ன என்று எனக்குத் தெரியும், சிஸ்டருக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரிந்திருக்கும். மூன்று பேரும் வராந்தாவில் ஒருவரையொருவர் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு போனோம்.

கடைசியில் மறுபடி திறந்தார்கள். நானும் உள்ளே இருந்தேன். டாக்டர் கையை விட்டு இழுத்து எடுத்ததை நான் விவரிக்கப் போவதில்லை. நாடா மட்டும் அடையாளம் தெரிந்தது. ஈதரையும் மீறிக்கொண்டு நாற்றம் வந்தது. சிஸ்டர் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். யாரும் எண்ணவில்லை. கேஸ் ஷீட்டில் குடல் ஒட்டிக்கொண்டதாக எழுதினார்கள்.

பொன்னாத்தா பிழைத்துக்கொண்டாள். இரண்டாம் ஆபரேஷன் முடிந்து ஆறாவது நாள்தான் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டுப் பேனாவைத் திறந்து வைத்தது. ஒட்டல் என்று எழுதியாயிற்று, ரிஜிஸ்டரில் மட்டும் இந்தப் பத்தொன்பது பல்லிளித்துக்கொண்டு நிற்கிறது. வேறு யார் திருத்தினாலும் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும். என் கை வேண்டியிருந்தது.

"எனக்கு ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் உண்டு மோளே. என்னையும் ஓர்த்துப் பாரு" என்றார் சிஸ்டர். அவர் கண் கலங்கியிருந்தது. பொய்யில்லை. அதனால் என் கோபம் குறையவுமில்லை.

சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். சாப்பிடப் போகவில்லை. கால் பெண்கள் வார்டுக்குப் போனது.

பொன்னாத்தாவின் வீட்டுக்காரர் கட்டில் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. பதினெட்டு நாளாக வராந்தாவில் படுத்துக் கண் சிவந்துபோயிருந்தவர்.

"வாயக் கட்டோணும்னு அத்தன தரம் சொன்னாங்கல்ல. பக்கத்துக் கட்டில்காரிகிட்டக் கேட்டு வாங்கி மோரு குடிச்சிருக்கறா. நாக்கு அவ்ளோ நீளமா? ஒரு டம்ளர் மோருக்கு ரெண்டாவது தடவ வயித்த அறுத்தாச்சு."

முதல் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் அவள் ஒரு டம்ளர் மோர் குடித்தது உண்மை. அதனால்தான் குடல் ஒட்டிக்கொண்டது என்று குடும்பத்தாரிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது யாரென்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை.

பொன்னாத்தா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்த முகத்தை நான் அறிவேன். கொட்டகையில் தராசு முன்னால் நிற்கிற முகம்.

சர்டிபிகேட் போனால் போகட்டும் என்று நான் முடிவெடுத்தது அங்கேதான். பெரிய தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மோரை என்னால் தாங்கமுடியவில்லை.

வீட்டுக்காரர் பீடி குடிக்க வெளியே போனதும் கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். ரத்தம் ஒற்றுகிற துணியைப் பற்றிச் சொன்னேன். உள்ளே போடும்போது இருபது, வெளியே வரும்போது பத்தொன்பது என்று சொன்னேன். இரண்டாம் தரம் திறந்தபோது என்ன கிடைத்தது என்று சொல்லத் தொடங்கினேன். அவளே முடித்துவிட்டாள்.

"இருவது போட்டுப் பத்தொம்போது எடுத்தா, ஒண்ணு உள்ளதானுங்க இருக்கோணும்."

மாங்காய் எண்ணுகிறவள். பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு எட்டு நாள் ஆன கணக்கு அவளுக்கு ஒரு மூச்சில் வந்தது.

திட்டுவாள், அழுவாள், நீ ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று என் கன்னத்தில் அறைவாள் என்று காத்திருந்தேன். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அப்ப, மோரு இல்லீங்களா அம்மிணி?" என்றாள்.

"மோர் இல்லக்கா."

"மோரு இல்ல" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டாள். அப்புறம்தான் அழுதாள்.

இருபது

சிஸ்டர் அறைக்குத் திரும்பிப் போனேன். பேனா திறந்தபடியே இருந்தது. சிஸ்டர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, நான் எழுத உட்கார்ந்ததைப் பார்த்து.

பத்தொன்பதை அடிக்கவில்லை. அதற்குக் கீழே எழுதினேன். இரண்டாம் ஆபரேஷனில் வயிற்றிலிருந்து எடுத்தது, ஒன்று. கோடு போட்டேன். மொத்தம், இருபது. தேதி போட்டு, செல்வராணி என்று முழுப்பெயரும் எழுதினேன். ரிஜிஸ்டரை அவர் பக்கம் திருப்பினேன்.

"எண்ணியிட்டுத்தான் எழுதியிருக்கேன் சிஸ்டர்" என்றேன்.

அவர் படித்தார். இன்னொரு தரம் படித்தார். என்னைத் திட்டவில்லை. டைப் அடித்த தாளை எடுத்து இரண்டாக மடித்து மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

மறுநாள் காலையில் நடத்தை சரியில்லை என்று என்னை அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருஷம். மதுரைப் பக்கம் வேறோர் ஆஸ்பத்திரியில் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கி, மறுபடி இரண்டு வருஷம் படித்துத்தான் அந்தச் சர்டிபிகேட்டை வாங்கினேன். அதுவரை அம்மா எனக்காகக் கொழுந்து கிள்ளினாள். "ரெண்டு வருசத்தத் தூக்கி யாருக்கோ குடுத்துட்டு வந்து நிக்கியேட்டி" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தப்பு செய்தவர்களுக்கு ஒரு மணிநேரம்கூட நஷ்டமில்லை.

ஆனால் அந்தக் காலையில் தகரப்பெட்டியோடு பெண்கள் வார்டு வாசலைக் கடந்தபோது ஒன்றைப் பார்த்தேன். அதைச் சொல்லாமல் இந்த வாரத்தை முடிக்க முடியாது.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்திருந்தார். பின்னால் சிஸ்டர், சின்ன டாக்டர், நர்சுகள். பொன்னாத்தா கட்டிலில் எழுந்து, இரண்டு தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வீட்டுக்காரர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகரப் போனார்.

"டாக்டரய்யா" என்று கூப்பிட்டாள். குரல் பெரிதாக இல்லை, ஆனால் வார்டு முழுக்கக் கேட்டது. "இருவது துணி உள்ள போட்டுப் பத்தொம்போதுதான் வெளிய எடுத்தீங்களாமுங்க. அப்படீன்னா நான் மோரு குடிக்கலாமுங்களா?"

வீட்டுக்காரர் பொன்னாத்தாவைப் பார்த்தார், பிறகு டாக்டரைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். சிஸ்டர் தரையைப் பார்த்தார்.

டாக்டர் கையிலிருந்த சீட்டைக் கட்டிலில் மாட்டினார். அது ஒழுங்காக மாட்டவில்லை, மறுபடி மாட்டினார்.

"குடிக்கலாம்" என்றார்.

வீட்டுக்காரர் அலமாரியிலிருந்து சொம்பை எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டி, மோர் வாங்க வெளியே போனார்.